பனிச்சறுக்கு தெரியாமலே செர்மாட்டை அனுபவிப்பது எப்படி? சாப்பாடு, மாலை, இரவு: முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போகும் குடும்பங்களில் ஸ்கீ ஓட்டத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மீதிப் பேர் பகலெல்லாம் அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு, இரவில் எங்கேயோ அதிக விலை கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். இந்த ஊரில் நாளின் சிறந்த வேளை மதியம், சிறந்த சாப்பாடும் மதியம்தான், அதுவும் மலைமேல்தான். காசையும் பசியையும் அதற்கு ஒதுக்குங்கள். இரவுச் சாப்பாட்டை எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது

ஸ்கீ ஓட்டாதவர்களுக்கு என் தேர்வு மார்ச் மாதம். பனி நிறைய இருக்கும், வெயிலும் இருக்கும். மதியம் வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் வருவதால் கூட்டம் அதிகம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அறை வாடகை எங்கேயோ போய்விடும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஊர் ஓய்வெடுக்கும். அப்போது போனால் பாதி உணவகங்கள் பூட்டியிருக்கும்.

பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு ஊருக்குள் இடமில்லை. கார் வைத்திருப்பவர்கள் 5 கிலோமீட்டர் கீழே உள்ள டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயில் பிடிக்க வேண்டும். 12 நிமிடப் பயணம். சூரிச்சிலிருந்து ரயிலில் வந்தால் ஃபிஸ்ப் நிலையத்தில் மாறி, மூன்றேகால் மணி நேரத்தில் செர்மாட்டில் இறங்கலாம். சுவிஸ் ரயில்வேயின் அரைக்கட்டண அட்டை வாங்குங்கள். ரயிலுக்கு மட்டுமல்ல, மலைமேல் போகும் பல்சக்கர ரயிலுக்கும் கேபிள் காருக்கும் அது பாதி விலையாக்கும். இரண்டு மலைப் பயணங்களிலேயே அட்டைக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

உறவினர் யாராவது சூரிச்சிலோ பெர்னிலோ இருந்தால் வழியில் அங்கே இறங்கி, ஈழத்தமிழர் நடத்தும் கடை ஒன்றில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிக்கொள்ளுங்கள். செர்மாட்டில் ஹோட்டல் அறையைவிடச் சமையலறையுள்ள வாடகை வீடே குடும்பத்துக்கு நல்லது. இரவு வீட்டில் ரசமும் சோறும் ஆகிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். மற்ற மளிகைக்கு ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கூப் கடை இருக்கிறது.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

செர்மாட் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், குறுகிய பள்ளத்தாக்கில் நீளவாக்கில் கிடக்கும் ஊர். ரயில் நிலையத்திலிருந்து பான்ஹோஃப்ஸ்ட்ராஸே என்ற கடைத்தெரு தேவாலயம் வரை போகிறது. நடந்தால் பத்து நிமிடம். நிலையத்துக்கு எதிரிலேயே கோர்னர்கிராட் ரயில். ஆற்றைத் தாண்டினால் சுன்னெகா என்ற மலைமேட்டுக்குப் போகும் சுரங்க ரயில். ஊரின் மேல்கோடியில், மாட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் என்ற பனியாற்று உச்சிக்குப் போகும் கேபிள் கார். இந்த மூன்று புறப்படும் இடங்களும் தேவாலயமும் எங்கே என்று தெரிந்துகொண்டால் வரைபடமே தேவைப்படாது.

காலணி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தெருவில் பகலில் உருகும் பனி இரவில் கண்ணாடியாக உறைந்துவிடும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். பெரியவர்கள் கூட வந்தால் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இன்னொன்று: ஊருக்குள் ஓடும் பெட்டி போன்ற மின்சார டாக்சிகள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். தெரு நடுவில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

காலையில்: எந்த மலை, யாருக்கு

ஒரே ஒரு மலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கோர்னர்கிராட். 1898 முதல் ஓடும் பல்சக்கர ரயில், அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஏறி 3,089 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள், இந்த ஊருக்குப் புகழ் தந்த மாட்டர்ஹார்ன் சிகரம் அந்தப் பக்கம்தான். மேலே போனால் 4,478 மீட்டர் மாட்டர்ஹார்ன் மட்டுமல்ல, சுவிட்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான டுஃபூர்ஷ்பிட்ஸே என்று 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் சுற்றி வளைத்து நிற்கும், கீழே கோர்னர் பனியாறு. தண்டவாளம் வழியாகப் போவதால் கேபிள் கார் பயம் உள்ளவர்களுக்கும் தொல்லையில்லை.

பிள்ளைகள் இருந்தால் திரும்பும் வழியில் ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கி மரச்சறுக்கு வண்டி வாடகைக்கு எடுங்கள். அங்கிருந்து ரிஃபல்பெர்க் வரை சறுக்கிப் போகத் தனிப்பாதை உண்டு. 230 மீட்டருக்கு மேல் இறக்கம். மீண்டும் ரயிலில் ஏறி வந்து இன்னொரு முறை போகலாம். குதிகாலை இரண்டு பக்கமும் பனியில் அழுத்தினால் வேகம் குறையும், ஒரு காலை மட்டும் அழுத்தினால் அந்தப் பக்கம் திரும்பும். இதைப் பிள்ளைகளுக்கு மேட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

3,883 மீட்டர் உயரத்தில் உள்ள மாட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ்தான் ஐரோப்பாவின் மிக உயரமான கேபிள் கார் நிலையம். பனியாற்றுக்கு உள்ளேயே குடைந்த அரண்மனை இருக்கிறது. 2023 முதல் அங்கிருந்து கேபிள் கார் மாறி இத்தாலிப் பக்கமும் போகலாம். ஆனால் காற்றில் ஆக்சிஜன் சமவெளியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வந்த முதல் நாளே அங்கே போகாதீர்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கைக்குழந்தைகளையும் தவிர்த்துவிடலாம். மேலே போனதும் படியேறினாலே தலை கிறுகிறுக்கும். தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்து, அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவது நல்லது.

மதியம்: ஃபின்டெல்னில் ஒரு நீண்ட சாப்பாடு

இதற்காகத்தான் நாளையே ஒதுக்கச் சொன்னேன்.

ஆற்றங்கரையில் உள்ள நீண்ட சுரங்க நடைபாதைக்குள் நுழைந்தால் சுன்னெகா ரயில். மலையின் வயிற்றுக்குள்ளேயே ஏறி, ஐந்து நிமிடத்துக்குள் 2,288 மீட்டரில் வெயிலுக்குள் கொண்டுவந்து விடும். அங்கிருந்து இளஞ்சிவப்புப் பலகைகள் காட்டும் குளிர்கால நடைபாதையில் இறங்கினால் இருபது நிமிட அளவில் ஃபின்டெல்ன் குக்கிராமம். லார்ச் மரத்தில் கட்டிய, வெயிலில் கறுத்துப்போன சில வீடுகள், ஒரு சிறிய தேவாலயம், நேர் எதிரே மறைப்பே இல்லாமல் மாட்டர்ஹார்ன். ஒரு காலத்தில் இந்தச் சரிவில் ரை தானியம் விளைவித்திருக்கிறார்கள். இன்று அந்த வீடுகளில் சில உணவகங்கள்.

பெயர் பெற்றது ஷே வ்ரோனி. குடும்பத்தாரே நடத்துகிறார்கள், பாலாடைக்கட்டியும் உலர்ந்த இறைச்சியும் சொந்தமாகச் செய்வது. அருகிலேயே ஃபின்ட்லர்ஹோஃபும் உண்டு. இரண்டிலுமே சீசனில் முன்பதிவு இல்லாமல் வெளி மேசை கிடைக்காது. செர்மாட் போவது உறுதியானதுமே இந்த மதியத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது பகல் பன்னிரண்டு மணியைக் கேளுங்கள். ஸ்கீ ஓட்டுபவர்கள் ஒரு மணிக்குமேல்தான் பெரும் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அதற்குள் நீங்கள் இரண்டாவது தட்டில் இருப்பீர்கள்.

சறுக்குப்பாதையில் மட்டும் நடக்காதீர்கள். குறுக்குவழி போலத் தெரியும், ஆனால் மேட்டுக்குப் பின்னாலிருந்து வேகமாக வருபவருக்கு உங்களைப் பார்த்து நிறுத்த நேரம் இருக்காது. திரும்பும்போது ஏறி சுன்னெகாவுக்கே போவதா, நடைபாதை திறந்திருந்தால் காட்டு வழியாக ஊருக்கே இறங்குவதா என்று உணவகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பலகையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், மூடிவிட்டால் திறக்க மாட்டார்கள்.

இன்னொரு மதியம் இருந்தால், ஃபூரி கேபிள் கார் நிலையத்துக்குக் கீழே உள்ள ட்ஸும் ஸே குக்கிராமத்துக்கு நடந்து போங்கள். அங்கே கிராமத்தின் பெயரிலேயே ஒரு உணவகம் இருக்கிறது. கடைசியில் அடுக்கு மாவில் வனிலா கிரீம் வைத்த இனிப்பைக் கேளுங்கள்.

எதைச் சாப்பிடுவது, எதைக் கேட்டுச் சாப்பிடுவது

செர்மாட் இருக்கும் வாலே மாநிலம், உருக்கி வழித்த பாலாடைக்கட்டியான ராக்லெட்டின் சொந்த ஊர். சரியாகச் செய்யும் இடத்தில் அரைவட்டப் பாலாடைக்கட்டியின் வெட்டுமுகத்தைத் தணலுக்கு நேராக நிறுத்துவார்கள். மேற்பரப்பு குமிழிட்டு, ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துவிடுவார்கள். தோலோரம் மொறுமொறுவென்று ஒரு துண்டும் கூடவே வரும், அதை விட்டுவிடாதீர்கள். தோலுடன் அவித்த சின்ன உருளைக்கிழங்கு, வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரி, குட்டி வெங்காயம். அவ்வளவுதான். நம் ஆட்கள் ஒரு கை மிளகுத்தூளைக் கூட்டிக்கொள்வது இதற்கு நன்றாகவே பொருந்தும். அங்கேயும் மிளகு போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

சட்டியில் உருக்கிய பாலாடைக்கட்டியான ஃபாண்ட்யூவுக்குக் குறைந்தது இருவர் வேண்டும். ஒரு ஆளுக்கு 30 பிராங்கு வாக்கில் ஆகும். நடுவில் கொதிக்கும் சட்டி, எல்லாரும் அதற்குள் நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி முக்குவார்கள். கரண்டி உதட்டில் படாமல் ரொட்டியை மட்டும் பல்லால் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். எச்சில் பார்ப்பவர்கள் தட்டில் போட்டு வேறு கரண்டியால் சாப்பிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடிவரை கலக்கிக்கொண்டே இருங்கள். முடிவில் சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தருவார்கள். மேசையில் சண்டை வரக்கூடிய துண்டு அது. குளிர்ந்த தண்ணீருக்குப் பதில் சூடான கறுப்புத் தேநீர் கேளுங்கள். ஊருக்குள் மான்டே ரோசா ஹோட்டலில் உள்ள விம்பர் ஷ்டூபே இதற்குப் பேர் போனது.

மது தொடாதவர்கள் கவனிக்க வேண்டும். ஃபாண்ட்யூவில் பாலாடைக்கட்டியை உருக்குவதே வெள்ளை ஒயினில்தான். கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேர்ப்பார்கள். கொதித்தாலும் முழுதாகப் போய்விடாது. பதிவு செய்யும்போதே மதுவில்லாமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். ராக்லெட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

சைவர்களுக்கு இன்னும் சில. கிரூயேர், வாலே ராக்லெட் போன்ற பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். சுத்த சைவம் கடைப்பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். துருவிய உருளைக்கிழங்கை வறுத்துச் செய்யும் ரோஸ்டியிலும், மக்ரோனியும் உருளைக்கிழங்கும் கிரீமும் சேர்ந்த ஆல்ப்லர்மக்ரோனனிலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் போடுவது சாதாரணம். "ஓனே ஷ்பெக்" என்றால் பன்றிக்கொழுப்பு இல்லாமல், "ஓனே ஃப்ளைஷ்" என்றால் இறைச்சியே இல்லாமல். காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம், கேட்டுவிடுங்கள். மெல்லிய சிவப்புச் சீவல்களாக மரப்பலகையில் வரும் உலர்ந்த இறைச்சி பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆட்டுக்கறிப் பிரியர்கள் ஷேஃபர்ஷ்டூபேக்குப் போகலாம். வாலேயின் கறுப்பு மூக்கு ஆடுகளை வளர்க்கும் யூலென் குடும்பத்தின் உணவகம் அது.

ஒயின் குடிப்பவர்கள் வெளிநாட்டுப் பெயர்களைத் தேட வேண்டாம். வாலேதான் சுவிட்சர்லாந்தின் பெரிய ஒயின் மாநிலம். பாலாடைக்கட்டிக்கு ஃபான்டான். கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் ஹைடா. ஃபிஸ்புக்கு மேலே, 1,150 மீட்டர் வரை ஏறும் திராட்சைத் தோட்டத்திலிருந்து வருகிறது.

சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். நன்றாக இருந்தால் அடுத்த ரவுண்டு எண்ணாகக் கொடுத்தால் போதும். ஊர் நீரூற்றுகளில் வரும் தண்ணீரைத் தைரியமாகப் பிடித்துக் குடிக்கலாம், புட்டித் தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண்.

நாலு மணிக்கு: ஆப்ரே ஸ்கீ

சறுக்கி முடித்தவர்கள் பூட்ஸைக் கழற்றாமலேயே குடிக்க உட்காரும் நேரம் இது. வேடிக்கை பார்க்கவாவது ஒரு மாலை போங்கள். ஃபூரியிலிருந்து ஊருக்கு இறங்கும் பாதையில் உள்ள ஹென்னு ஷ்டால் தான் இதில் ஆரவாரமான இடம். வெளியில் பாட்டு, பனியில் ஆட்டம். ஸ்கீ இல்லாதவர்கள் ஊரின் மேல்கோடியிலிருந்து நடைபாதையில் ஏறிப் போகலாம். குடும்பத்தோடு என்றால் சுன்னெகா பக்கத்துச் சரிவில் உள்ள செர்வோ ஹோட்டலின் மொட்டைமாடி பொருத்தம். கம்பளி போர்த்திக்கொண்டு சூடான சாக்லேட் குடித்தபடி வெயில் மலையைவிட்டு நகர்வதைப் பார்க்கலாம். வெயில் போன மறுநிமிடமே குளிர் எலும்புக்குள் இறங்கும். கழற்றிய ஜாக்கெட்டை அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது மட்டும் வேண்டாம். உங்களில் ஸ்கீ ஓட்டுபவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாலையில் பாதை உறைந்து கடினமாகிவிடும், வெளிச்சம் மங்கும், உயரத்தில் போதையும் வேகமாக ஏறும். ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

இரவு

இரவுச் சாப்பாடு சீக்கிரம். ஏழு மணிக்கு உட்காருங்கள். ஒன்பதரைக்குமேல் பல சமையலறைகள் மூடிவிடும்.

அப்புறம் எங்கே போவது என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது. பேச வேண்டுமென்றால் தேவாலயத்துக்கு எதிரே ஒரு பழைய மரவீட்டில் இருக்கும் எல்ஸீஸ் பார். நின்றால் தோள் இடிக்கும் அளவு சின்ன இடம். நத்தையும் சிப்பியும் பரிமாறுவார்கள், ஐரிஷ் காபியும் பிரசித்தம். கலை, சினிமா பிடித்தவர்களுக்கு உள்ளூர்க் கலைஞர் ஹைன்ட்ஸ் யூலென் வடிவமைத்த வெர்னிசாஜ். திரையரங்கும் மதுக்கூடமும் கலைக்கூடமும் ஒன்றாகச் சேர்ந்த கட்டிடம். மழையோ பனிப்பொழிவோ உள்ள மாலைக்கு என் முதல் தேர்வு அதுதான். இளவட்டங்கள் நாலு மணியிலிருந்தே பாப்பர்லா பப்பில் இருப்பார்கள். நள்ளிரவு நெருங்கும்போது அதே கட்டிடத்தின் கீழே உள்ள ஷ்னேவிட்சென் என்ற நடன அரங்குக்கு இறங்கிவிடுவார்கள். அடையாள அட்டை கொண்டுபோங்கள். பீர், ஒயினுக்கு 16 வயது, சாராய வகைகளுக்கு 18 என்பது சட்டம்.

ஏப்ரலில் போவதானால் இரண்டு நிகழ்வுகளைக் கவனியுங்கள். செர்மாட் அன்பிளக்ட் என்ற இசை விழா 2007 முதல் நடக்கிறது. ஊரின் மதுக்கூடங்கள், ஹோட்டல்கள், மலை உணவகங்கள் எல்லாம் அந்த வாரம் மேடையாகும். மற்றது பாட்ரூய் டே கிளாசியே. சுவிஸ் ராணுவம் நடத்தும் இந்த மலைப்போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இரட்டைப்படை ஆண்டுகளில் வரும். நெற்றி விளக்கோடு மூவர் மூவராக இரவில் செர்மாட்டிலிருந்து புறப்பட்டு 57 கிலோமீட்டருக்கு மேல் பனியில் கடந்து வெர்பியே போவார்கள். கட்டணமில்லாமல் தெருவோரம் நின்று பார்க்கலாம். எந்த நடன அரங்கைவிடவும் அந்த இரவைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மலை மூடியிருக்கும் நாளில்

காற்றடித்தால் கேபிள் கார் ஓடாது. அன்று ஊரைப் பாருங்கள். ஹின்டர்டோர்ஃப் என்ற பழைய தெருவில் நூற்றாண்டுகள் பழைய தானியக் களஞ்சியங்கள் வட்டக் கற்பலகைகள் மேல் நிற்கின்றன. கால் தூணுக்கும் கூடத்துக்கும் நடுவே அகலமான கல். எலி தூணில் ஏறினாலும் அந்தக் கல்லின் அடியைத் தாண்ட முடியாது.

தேவாலயத்துக்கு எதிரே கண்ணாடிக் கூரையின் கீழ், தரைக்கு அடியில் மாட்டர்ஹார்ன் அருங்காட்சியகம். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உட்பட ஏழு பேர் முதன்முதலில் சிகரம் தொட்டார்கள். இறங்கும்போது நால்வர் விழுந்து இறந்தார்கள். அவர்களுக்கும் மற்ற மூவருக்கும் நடுவே அறுந்த கயிறு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் தடிமன்கூடத் தோன்றாத கயிறு. அதைப் பார்த்துவிட்டுத் தேவாலயத்தை ஒட்டிய மலையேறிகளின் கல்லறைக்குப் போங்கள். இறந்த நால்வரில் வழிகாட்டி மிஷெல் க்ரோஸ் அங்கே உறங்குகிறார். பல கற்களில் உள்ள வயது இருபதுகளில்தான். பேச்சைக் குறைத்துக்கொண்டு நடக்க வேண்டிய இடம்.

ஹோட்டல்களில் நீச்சல் குளமும், சவுனா என்ற வியர்வைச் சூட்டறையும் இருக்கும். சவுனாவுக்குள் ஆணும் பெண்ணும் சேர்ந்து, துணியில்லாமல் உட்காருவது அங்கே சாதாரண வழக்கம். குடும்பத்தோடு போகிறவர்கள் பெண்களுக்குத் தனி நேரமோ, நீச்சலுடையோடு போகும் பகுதியோ உண்டா என்று வரவேற்பறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரமும் புறப்பாடும்

பயணக் காப்பீட்டில் மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். மலையில் ஏதாவது ஆனால் 144 அழைக்க வேண்டும். 1968 முதல் இயங்கும் ஏர் செர்மாட்டின் ஹெலிகாப்டர்களை அவர்களே அனுப்புவார்கள்.

திரும்பும் விமானத்தை செர்மாட்டை விட்டுப் புறப்படும் அதே நாளில் வைக்காதீர்கள். ஊருக்கு வரும் ரயில் பாதையும் சாலையும் பனிச்சரிவு அபாயத்தால் மூடப்படுவது உண்டு. 2018 ஜனவரியில் அப்படி மூடியபோது ஏறக்குறைய 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள், சிலரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். கடைசி இரவைச் சூரிச்சிலோ ஜெனீவாவிலோ கழிக்கும்படி திட்டமிடுங்கள். பனி கடுமையாகப் பெய்யும் என்று வானிலை அறிக்கை சொன்னால் ஒரு நாள் முன்னதாகவே ரயில் ஏறிவிடுங்கள்.